மூன்று கிலோமீட்டர் வேகத்துக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

மணிக்கு மூன்று கிலோமீட்டர். மாத்தளை நகரத்தில் ஒரு கல்யாண ஊர்வலம் நகரும் வேகம் இது. நாதஸ்வரக்காரர் நல்ல மூச்சில் இருந்தால் இரண்டுக்கு இறங்கும். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஆட ஆரம்பித்தால் பூச்சியம்.

ஜெனிஸ்டா பதினாறு வருடமாக இந்த வேகத்தில் வண்டி ஓட்டுகிறார். வாரநாட்களில் பள்ளிக்கூட வான். முகூர்த்த நாட்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கண்டிக்காரர் ஒருவருக்குச் சொந்தமான கல்யாணக் கார். வயது நாற்பத்தாறு. பிறந்தது றத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பா அங்கே கொழுந்து லொறி ஓட்டினார். தோட்டத் துரை ஊரில் இல்லாத நாட்களில், ஆலை முற்றத்தில், அந்த லொறியில்தான் ஜெனிஸ்டா ஓட்டப் பழகினார். பிரேக்கை மிதிக்கச் சீட்டின் நுனியில் உட்கார வேண்டியிருந்தது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

மாத்தளையில் கல்யாண ஹயர் என்ற வாடகை ஓட்டம் ஓடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அத்தனை பேரையும் விட்டுவிட்டுப் பெண் வீட்டார் ஜெனிஸ்டாவைக் கேட்பதற்குக் காரணம் அவர் ஓட்டும் விதம் மட்டுமல்ல. அவருடைய சன்வைசரில் வரிசையாக ஊக்குகள் குத்தியிருக்கும். கொசுவம் சரிந்தால் வண்டியை நிறுத்தி, பின்னால் வந்து, யாரும் பார்ப்பதற்குள் சரிசெய்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுவார். காலையிலிருந்து பட்டினி கிடக்கும் பெண்ணுக்கு பிஸ்கட். உதட்டுச் சாயம் கலையாமல் தண்ணீர் குடிக்க ஒரு உறிஞ்சுகுழாய். அழுகிற பெண்ணிடம் அவர் பேசவே மாட்டார். கண்ணாடியைக் கொஞ்சம் மேலே திருப்பி வைத்துவிடுவார், அவ்வளவுதான்.

இந்த வருடம் பெப்ரவரியில் கண்டிக்காரர் தன் காரை விற்றுவிட்டார். அடுத்த வாரம் ஜெனிஸ்டா தன் பள்ளிக்கூட வானை விற்றார். சொந்தமாக ஒரு கல்யாணக் கார் வாங்குவதற்காகத்தான் விற்றார். ஆனால் எந்தக் கார் என்று அப்போது அவருக்கே தெரியாது. கணவர் ஜெஸ்டின் டவுனில் ஒரு பேக்கரியில் போறணை அடுப்பு பார்க்கிறவர். அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று.

"வானை வித்துட்டுத்தான் கார் தேடணுமா? கார் தேடிட்டு வானை வித்தா ஆகாதா?"

"வான் இருந்தா நான் தேட மாட்டேன்," என்றார் ஜெனிஸ்டா.

தேடியது சாதாரணக் கார் அல்ல. இப்போது கல்யாணம் செய்கிறவர்களுக்குப் படம் முக்கியம். நீண்ட மூக்கு, இரண்டு உருண்டை விளக்கு, திறந்த கூரை, பக்கவாட்டில் பளபளக்கும் குழாய்கள் என்று, முப்பதுகளில் ஐரோப்பாவில் ஓடிய ஸ்போர்ட்ஸ் காரின் தோற்றம் அவர்களுக்கு வேண்டும். அசல் கார் இந்தப் பக்கத்தில் கிடைக்காது. கிடைத்தாலும் அது மலை ஏறாது. அதனால் பழைய உருவத்தை ஃபைபரில் வார்த்து, உள்ளே இன்றைய இஞ்சினும் இன்றைய பிரேக்கும் பூட்டிய நகல் கார்கள். ஜெனிஸ்டாவின் அண்ணன் மனைவி தெரேசா இதை ஒரே வரியில் சொன்னார். "மூஞ்சி தாத்தா, காலு பேரன்."

காரே இல்லாதபோது முதல் ஹயர் வந்துவிட்டது. டவுனில் மிளகும் சாதிக்காயும் வாங்கி விற்கும் அழகர்சாமி, கடைக்குப் போயிருந்த ஜெனிஸ்டாவை நிறுத்திக் கேட்டார்.

"சொந்த வண்டி எடுக்கிறியாமே?"

"ஆமா முதலாளி."

"ஆவணியில நம்ம மக சிவநந்தினிக்குக் கல்யாணம். கலேவெலயில ஒரு செவப்புக் கார் இருக்காம். போன்ல படத்தக் காட்டி, இதுலதான் வருவேன்னு நிக்கிறா. நீ அத எடுத்தாலும் சரி, வேற எடுத்தாலும் சரி. ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன். கோயில்ல இருந்து எங்க வீட்டுக்கு மேடு. அந்த மேட்டுல வண்டி நின்னுச்சுன்னா வண்டிய யாரும் பேசமாட்டாங்க. பொண்ணு கால் வச்ச நேரம்னுதான் பேசுவாங்க."

"நிக்காது முதலாளி."

"எந்த வண்டின்னே முடிவாகல. அதுக்குள்ள நிக்காதுங்கிற."

"நின்னா நானும் அங்கேயே நின்னுற வேண்டியதுதான். வானையே வித்தாச்சு."

அழகர்சாமி சிரித்தார். ஜெனிஸ்டா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டவுன் முழுக்கப் பார்க்கும் ஒரு ஊர்வலத்தில் கார் கொதித்து நின்றால், அதற்குப் பிறகு அவரை யாரும் கூப்பிடப் போவதில்லை. திரும்பிப் போக வானும் இல்லை.

கலேவெலயில் சிவப்புக் காரைச் செய்தவர் துஷ்யந்தன். வயது முப்பத்திரண்டு. ஃபைபரில் தண்ணீர்த் தாங்கி செய்வது தொழில். தாங்கிக்கு நடுவே, நான்கு வருடம், கையில் கிடைத்த நேரமெல்லாம் போட்டு இந்தக் காரைச் செய்திருந்தார். ஜெனிஸ்டா அதைப் பார்க்கப் போனபோது தெரேசாவையும் கூட்டிக்கொண்டு போனார். தெரேசாவின் கையில் ஒரு பெரிய பை இருந்தது.

கார் உண்மையிலேயே அழகாக இருந்தது. போனட் அவ்வளவு நீளம். அதன் இரு பக்கத்திலும் மூன்று மூன்று வெள்ளிக் குழாய்கள் வெளியே வந்து, வளைந்து, ஏறி இறங்குகிற ஃபுட்போர்டுக்குக் கீழே போயின. முன்னால் ஓட்டுநருக்கும் இன்னொருவருக்கும், பின்னால் இரண்டு பேருக்கும் இடம். துஷ்யந்தன் போனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினார்.

"ரெண்டு லீட்டர் டர்போ அக்கா. கிளச் ரேசிங் கிளச். பிடிச்சா பிடிச்சதுதான். நாலு வீலுக்கும் டிஸ்க் பிரேக், பெரிய சைஸ். சஸ்பென்ஷன் நம்ம விருப்பத்துக்கு ஏத்தி இறக்கலாம்."

"ஓட்டிப் பாக்கலாமா?"

"நான் ஓட்டிக் காட்டுறேனே."

"நீங்க செஞ்சீங்க தம்பி. ஓட்டப் போறது நான்."

தம்புள்ள ரோட்டில் நேரான ஒரு துண்டு வந்ததும் ஜெனிஸ்டா மிதித்தார். பின்சீட்டிலிருந்த தெரேசா அந்தோனியாரைக் கூப்பிட்டார். கார் தாழ்ந்து, ரோட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனது. ஆளில்லாத இடம் பார்த்து ஜெனிஸ்டா பிரேக்கை அழுத்தினார். இம்மியும் விலகாமல் நின்றது. இன்னொரு தடவை செய்து பார்த்தார். மூன்றாவது தடவையும்.

"பிரேக் ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க."

துஷ்யந்தனுக்கு ஆச்சரியம். "எல்லாரும் இஞ்சினத்தான் கேப்பாங்க அக்கா."

"இஞ்சின் போறதுக்கு. நான் மெதுவாப் போறதுக்கும் நிக்கிறதுக்கும் கூலி வாங்குறவ."

பட்டறைக்குத் திரும்பியதும் தெரேசா பையைத் திறந்தார். ஒரு கனமான பட்டுச் சேலை, ஒரு மாலை, கொண்டையில் வைக்கப் பூ. பட்டறையின் பின் அறைக்குப் போய் மணப்பெண்ணாக வந்து நின்றார். வயது ஐம்பத்தொன்று, எடையும் கொஞ்சம் கூட. வேலைக்காரர்கள் தாங்கியை உருட்டுவதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"யாருக்கு அக்கா கல்யாணம்?" என்றார் துஷ்யந்தன்.

"உங்க காருக்கு," என்றார் தெரேசா. "கதவத் தொறங்க மாப்புள."

ஜெனிஸ்டா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். "தம்பி, நீங்க காருக்கு முன்னால நடங்க."

"எதுக்கு?"

"நீங்கதான் நாதஸ்வரம். நல்லா மெதுவா நடங்க. நடுவுல நில்லுங்க. திரும்பிப் பாருங்க. அப்புறம் நடங்க."

பட்டறையிலிருந்து பிரதான வீதிக்கு ஏறும் சிறு சரிவில் துஷ்யந்தன் வெட்கத்தோடு நடந்தார். ஒரு வேலைக்காரர் வெறும் பெயின்ட் வாளியை எடுத்துத் தாளம் தட்டினார். பின்னால் கார் வந்தது. வந்தது என்று சொல்ல முடியாது. ஒரு குதி, ஒரு நிறுத்தம், இன்னொரு குதி. ரேசிங் கிளச்சுக்குப் பாதி என்ற ஒன்று தெரியாது. பிடித்தால் முழுக்கப் பிடிக்கும், விட்டால் முழுக்க விடும். தெரேசாவின் மாலை ஒரு தோளுக்குப் போய்விட்டது.

"ஜெனி, பின்னால கல்யாணப் பொண்ணு இருக்கா. சீனி மூட்டை இல்ல."

சரிவின் பாதியில் எரிந்த வாசம் வந்தது. சூட்டு முள் சிவப்பை நெருங்கியது. காற்று மோத ஓடினால் குளிரும் இஞ்சின் அது, நடந்தால் குளிராது. ஜெனிஸ்டா நிறுத்தினார். தெரேசா ஃபுட்போர்டில் கால் வைத்து இறங்கினார். இறங்கியபோது சேலையின் கரை குழாயில் பட்டது. எடுத்துப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குக் கருகி, சுருங்கி, ஓட்டை.

வாளித் தாளம் நின்றது.

"உங்கம்மா எனக்குக் குடுத்த சேலை," என்றார் தெரேசா, ஜெனிஸ்டாவைப் பார்த்து. "எரிஞ்சதுல எனக்குப் பெரிசா வருத்தமில்ல."

ஜெனிஸ்டா துஷ்யந்தனிடம் நேராகச் சொன்னார். "காரு எனக்குப் பிடிச்சிருக்கு. இஞ்சினும் பிரேக்கும் அப்படியே இருக்கட்டும். கிளச்ச மாத்தணும். ஃபேன் மாத்தணும். இந்தக் குழாய்ல நெருப்பு வரக்கூடாது. செஞ்சு குடுத்தா நான் எடுக்கிறேன்."

துஷ்யந்தனின் முகம் இறுகிவிட்டது. "அக்கா, இது வேகத்துக்குச் செஞ்ச கார். நடக்கிறதுக்கு மாட்டு வண்டி இருக்கு."

"மாட்டு வண்டி ரிவர்ஸ்டன் மலை ஏறாது தம்பி."

"நாலு வருஷமா ஒவ்வொரு சாமானா தேடிப் போட்டேன். இப்ப கழட்டச் சொல்றீங்க. ஏலாது."

பஸ்ஸில் திரும்பும்போது தெரேசா தூங்கிவிட்டார். ஜெனிஸ்டா தூங்கவில்லை. அந்தப் பிரேக் அவருக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது.

அடுத்தது யட்டவத்தயில். அங்கே இரும்புக்கடை வைத்திருக்கும் றஹீம், மூத்த மகள் நிஷ்மியாவின் கல்யாணத்துக்கென்று கொழும்பிலிருந்து ஒரு வெள்ளைக் கார் வாங்கியிருந்தார். கிட்டத்தட்ட அதே உருவம். சின்ன இஞ்சின், ஓட்டோ கியர். கல்யாணத்துக்குப் பிறகு அது தார்ப்பாய்க்குக் கீழே நின்றது.

"வாங்க தங்கச்சி. ஓட்டிப் பாருங்க. பூ மாதிரி போகும்," என்றார் றஹீம்.

பூ மாதிரியேதான் போனது. தெரேசா அதே சேலையைக் கருகிய கரையை உள்ளே மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். றஹீமே முன்னால் நடந்தார். நின்றார், திரும்பிப் பார்த்தார், நடந்தார். வெள்ளைக் கார் அவர் பின்னால் ஒரு பூனையைப் போல வந்தது. குலுக்கல் இல்லை, வாசம் இல்லை. முள் அசையவில்லை.

"எனக்குத் தூக்கம் வருது ஜெனி. இதையே எடு," என்றார் தெரேசா.

றஹீம் தேநீர் சொல்லி அனுப்பிவிட்டார். எல்லாம் முடிந்தது போலத்தான் இருந்தது. அப்போது ஜெனிஸ்டா, "றஹீம் நானா, ஒருக்கா ரிவர்ஸ்டன் போய்ட்டு வருவோமா?" என்று கேட்டார்.

"அங்க எதுக்கு? கல்யாணம் நடக்கிறது ஹோல்லதானே?"

"தாலி கட்டுறது கோயில்ல. மோதிரம் மாத்துறது சேர்ச்சில. நிக்காஹ் பள்ளியில. போட்டோ எல்லாருக்கும் ரிவர்ஸ்டன்லதான்."

அது உண்மை. எந்த மதக் கல்யாணமானாலும் இப்போது பிற்பகலில் பெண்ணும் மாப்பிள்ளையும் மூடுபனியில் நிற்க வேண்டும். றத்தோட்டை தாண்டி வளைந்து வளைந்து ஏற வேண்டும். பின்னேரம் அதே வளைவுகளில் இறங்கவும் வேண்டும்.

ஏற்றத்தில் வெள்ளைக் கார் மூச்சு வாங்கியது, ஆனால் ஏறியது. மேலே காற்று அடித்தது. றஹீம் தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டு, நிஷ்மியாவின் படங்களை ஏன் இங்கே எடுக்காமல் போனோம் என்று வருத்தப்பட்டார். இறக்கத்தில் மூன்றாவது வளைவில் பிரேக் பெடல் பஞ்சுபோல் ஆனது. நான்காவதில் ஜெனிஸ்டாவின் கால் தரை வரை போனது. கியரை இறக்கினார், கைபிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார், மலைப்பக்கத்து மழைநீர்க் கானில் இடதுசக்கரத்தை இறக்கி உரசவிட்டு நிறுத்தினார். நான்கு சக்கரத்திலிருந்தும் புகை வந்தது.

றஹீம் இறங்கி, புகையும் சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தார். பிறகு சொன்னார். "தங்கச்சி, நான் இத மலைக்குக் கொண்டு வந்ததே இல்ல."

"தெரியுது நானா."

"இத நான் ஒங்களுக்கு விக்கமாட்டேன். ஒங்களுக்குன்னு இல்ல, யாருக்கும்."

பிரேக்கை மட்டும் மாற்றலாமா என்று ஜெனிஸ்டா கீழே குனிந்து பார்த்தார். சக்கரம் சின்னது, உள்ளே பெரிய டிஸ்க் போக இடமில்லை. சக்கரத்தை மாற்றினால் அச்சை மாற்ற வேண்டும், அச்சை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். சிவப்புக் காரில் மாற்ற வேண்டியது மூன்றுதான். முடிவு அந்தக் கானில் வைத்தே எடுத்தாகிவிட்டது. எடுத்த முடிவுக்குத்தான் கார் இல்லை.

ஆடி பிறந்தது. அழகர்சாமி கடையிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்து விசாரித்தார். "வருது," என்று சொல்லியனுப்பினார் ஜெனிஸ்டா. ஜெஸ்டின் போறணைக்குப் போகும்போதும் வரும்போதும் வீட்டு முன்னால் வெறுமையாக இருந்த இடத்தைப் பார்த்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை போன் வந்தது.

"அக்கா, நான் துஷ்யந்தன். அந்தச் சேலை எந்த இடத்துல பட்டுச்சு? முன்பக்கமா, பின் கதவுக்குக் கீழயா?"

"பின் கதவுக்குக் கீழ. எறங்கறப்ப கொசுவம் முன்னால தொங்கும் பாருங்க, அதுதான் பட்டுச்சு."

"அப்ப நெசக் குழாய உள்ளுக்குத் திருப்பி, வண்டிக்கு அடியால பின்னுக்குக் கொண்டு போயிட்டா? வெளியில தெரியிறது சும்மா அழகுக்கு இருக்கட்டும்."

"இப்ப எங்க இருக்கீங்க தம்பி?"

"காருக்குக் கீழ."

ஜெனிஸ்டா சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஏலாது என்று சொன்ன ஆள், மூன்று வாரமாக அந்தக் கருகிய கரையையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆடி பிறக்கும் முன்பே அவர் ஒரு முகூர்த்த நாளில் மாத்தளைக்கு வந்து, முன்பின் தெரியாத ஒரு கல்யாண ஊர்வலத்தின் பின்னால் நடந்து பார்த்திருந்தார். பந்தியில் சாப்பிட்டுவிட்டும் போயிருந்தார்.

அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது. ரேசிங் கிளச் போய், பாதி பிடித்துப் பாதி விடும் சாதாரணக் கிளச் வந்தது. குழாய்களிலிருந்து சூடு போனது. தெரேசா ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்த பிறகே சம்மதித்தார். ஃபேன் விஷயத்தில் மட்டும் வாக்குவாதம்.

"பெரிய ஃபேன் ஒண்ணு போதும் அக்கா."

"ரெண்டு போடுங்க."

"ஒண்ணே நல்லா இழுக்கும்."

"தம்பி, உங்க ஊர் சமதரை. எங்க மேடு உங்களுக்குத் தெரியாது. ரெண்டு போடுங்க."

இரண்டு போட்டார். தெரேசாவின் சேலைக் கரையைக் கருக்கிய அந்தக் கார், ஆவணி பிறந்து இரண்டாம் நாள் ஜெனிஸ்டாவின் வீட்டு முன்னால் வந்து நின்றது. ஜெஸ்டின் பேக்கரியிலிருந்து ஒரு கேக் கொண்டுவந்தார்.

சிவநந்தினியின் கல்யாணத்தன்று வானம் வெளுத்திருந்தது. தாலி கட்டி முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் பின்சீட்டில் ஏறினார்கள். கொசுவம் குழாயை உரசிக்கொண்டு போனது. எதுவும் ஆகவில்லை. தெரேசா ஆரத்தித் தட்டோடு கார்ப் பக்கத்தில் நடந்தார். துஷ்யந்தனையும் அழைத்திருந்தார்கள். புது வேட்டி கட்டி, நாதஸ்வரத்துக்கும் காருக்கும் நடுவே நடந்தார். இந்த இடத்தில் நடக்க அவருக்கு ஏற்கெனவே பழக்கம் இருந்தது.

மேடு ஆரம்பித்தது. கிளச் வெண்ணெய்போல் பிடித்தது. ஒவ்வொரு வாசலிலும் நின்றார்கள், நின்ற ஒவ்வொரு தடவையும் கார் பின்னுக்கு ஒரு விரல்கூட உருளாமல் மறுபடி நகர்ந்தது. வீட்டு மாடிகளிலிருந்து பூக் கொட்டினார்கள். செவ்வந்தி, ரோஜா, மஞ்சள் இதழ்கள் கூடை கூடையாக. சிவநந்தினி தலையில், மாப்பிள்ளை மடியில், போனட் மேல். அழகர்சாமி முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

மேட்டின் பாதியில் ஜெனிஸ்டா முள்ளைப் பார்த்தார். ஏறியிருந்தது. அடுத்த வாசலில் பார்த்தார். இன்னும் ஏறியிருந்தது.

பதினாறு வருடத்தில் இது நடந்ததில்லை. இரண்டு ஃபேனும் முழு வேகத்தில் ஓடுகிற சத்தம் கேட்டது. ஓடியும் ஏன் ஏறுகிறது? வண்டியை நிறுத்தி போனட்டைத் திறந்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் இந்த மேட்டில், இந்தக் கூட்டத்தில், பெண் உட்கார்ந்திருக்க, போனட்டைத் திறக்க முடியாது. அழகர்சாமி சொன்ன வார்த்தை காதில் இருந்தது. வீடு இன்னும் ஏழெட்டு வாசல் தள்ளி. நாதஸ்வரக்காரர் நல்ல மூச்சில் இருந்தார்.

முன்னால் நடந்துகொண்டிருந்த துஷ்யந்தன் திரும்பினார். அவர் காதில் பட்டது ஃபேன் சத்தம். காற்று கிடைக்காத ஃபேன் வேறு மாதிரி முனகும். செய்தவருக்கு அது தெரியும். குனிந்து காரின் முகத்தைப் பார்த்தார். கிரில் முழுக்க மஞ்சள். இரண்டு ஃபேனும் சேர்ந்து, கொட்டிய பூவையெல்லாம் இழுத்து, ரேடியேட்டரின் மேல் ஒரு மெத்தையாக ஒட்டி வைத்திருந்தன. இதுவரை ஜெனிஸ்டா ஓட்டிய கார்களின் ஃபேனுக்குப் பூவை இழுக்கும் பலம் இருந்ததில்லை.

துஷ்யந்தன் யாரிடமும் கேட்கவில்லை. கிரில் கம்பிகளுக்கு நடுவே விரலை விட்டு ஒரு பிடி இதழை உருவி எடுத்தார். கீழே போட்டால் மறுபடி இழுக்கும். கையில் வைத்துக்கொண்டு விழித்தார். தெரேசா சட்டென்று ஆரத்தித் தட்டைக் காலிசெய்து நீட்டினார்.

"இதுல போடுங்க. சிரிச்ச மூஞ்சியா செய்யுங்க."

அதன் பிறகு மேடு முழுவதும் அப்படியே நடந்தது. ஊர்வலம் ஒவ்வொரு வாசலில் நின்றபோதும், புது வேட்டி கட்டிய ஒருவர் காருக்கு முன்னால் குனிந்து, இரண்டு கையாலும் பூவை எடுத்துத் தட்டில் வைத்தார். கார் நகரும்போது பின்னுக்கு நடந்தார். தட்டு நிறைந்ததும் தெரேசா அதை எடுத்துப் போய்க் காருக்குப் பின்னால் கொட்டிவிட்டு வந்தார். பார்த்தவர்கள் இதை ஒரு சடங்கு என்று நினைத்துவிட்டார்கள். ஒரு வாசலில் நின்ற அம்மா ஒருவர் காரின் மூக்குக்குக் குங்குமம் வைத்துவிட்டு, துஷ்யந்தனின் நெற்றிக்கும் வைத்தார். நாதஸ்வரக்காரர்கூட அவர் குனியும்போது ஒரு சங்கதி கூட்டி வாசித்தார்.

பின்சீட்டிலிருந்து சிவநந்தினி மெல்லக் கேட்டார். "அக்கா, அவரு என்ன செய்றாரு?"

"காருக்கு மூச்சு குடுக்கிறாரும்மா. நீங்க கேமராவப் பாருங்க."

முள் ஒரு இடத்தில் நின்றது. பிறகு இறங்க ஆரம்பித்தது. கடைசி வாசலில் நடுவுக்கு வந்துவிட்டது. அழகர்சாமியின் வீட்டு முற்றத்தில் கார் நின்றபோது இஞ்சின் ஓடுகிற சத்தமே கேட்கவில்லை. சிவநந்தினி வலது காலை வைத்து இறங்கினார். ஜெனிஸ்டா சாவியைத் திருகிவிட்டு, சீட்டின் நுனியிலிருந்து முதல் தடவையாகப் பின்னால் சாய்ந்தார்.

அழகர்சாமி நேராக அவரிடம் வந்தார். "ஏம்மா, அந்தத் தம்பி செஞ்சது எந்த ஊர் வழக்கம்? நல்லா இருந்துச்சே."

"கலேவெல வழக்கம் முதலாளி," என்றார் தெரேசா முந்திக்கொண்டு.

ஜெனிஸ்டா அதை அப்படி விடவில்லை. "வழக்கம் இல்ல முதலாளி. ரேடியேட்டர்ல பூ அடைச்சிருச்சு. அத எடுத்தாரு. இல்லாட்டி பாதி மேட்டுல நின்னிருக்கும்."

அழகர்சாமி காரைப் பார்த்தார். குங்குமம் வைத்த மூக்கைப் பார்த்தார். "நிக்கலல்ல?"

"நிக்கல."

"அப்ப அது வழக்கம்தான்," என்று சொல்லிவிட்டு விருந்தாளிகளைக் கவனிக்கப் போய்விட்டார்.

துஷ்யந்தன் முற்றத்து ஓரத்தில் விரல் நுனிகளை ஊதிக்கொண்டு நின்றார். கிரில் கம்பி சுட்டிருந்தது. ஜெனிஸ்டா அவருக்கு ஒரு குளிர்பானம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"ஒரு ஃபேன் போதும்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"சரி. சொல்லிக் காட்டாதீங்க."

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே அக்கா."

பிற்பகல் ரிவர்ஸ்டனில் மூடுபனி நேரத்துக்கு வந்தது. படம் எடுத்தவர் சிவப்புக் காரை ரோட்டின் நடுவே நிறுத்தச் சொல்லி, பெண்ணையும் மாப்பிள்ளையையும் போனட்டில் சாய வைத்து எடுத்தார். இறங்கும்போது மூன்றாவது வளைவில் ஜெனிஸ்டா பிரேக்கைத் தொட்டார். நான்காவதிலும் தொட்டார். பெடல் காலையில் இருந்த இடத்திலேயே இருந்தது. பின்சீட்டில் இரண்டு பேரும் தோளில் தோள் சாய்த்துத் தூங்கிவிட்டார்கள். அவர் கண்ணாடியைக் கொஞ்சம் மேலே திருப்பி வைத்தார்.

மறுநாள் ஐந்து வீட்டிலிருந்து போன் வந்தது. அதில் இரண்டு வீட்டார், தட்டு வைத்துப் பூ எடுக்கும் அந்தத் தம்பியும் காரோடு வருவாரா என்று கேட்டார்கள். ஆறாவது போன் யட்டவத்தயிலிருந்து, றஹீம்.

"தங்கச்சி, எளைய மகள் ஹிதாயாட கல்யாணம். வெள்ளைக் கார நான் எடுக்கப் போறதில்ல. நீங்கதான் வரணும்."

"வர்றேன் நானா. போட்டோ எங்க?"

"ரிவர்ஸ்டன்லதான். இந்தத் தடவ நான் முன்னுக்கு உக்காருவேன்."

வெள்ளிக்கிழமை துஷ்யந்தன் மாத்தளைக்கு வந்து, ஒரு ஃபேனைக் கழற்றிவிட்டு, பூ ரேடியேட்டரில் ஒட்டாமலிருக்கக் கிரில்லுக்குப் பின்னால் ஒரு கம்பி வலை பூட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை காலை ஜெனிஸ்டா ஹிதாயாவின் கல்யாணத்துக்குக் காரை யட்டவத்தக்குக் கொண்டுபோகிறார்.